அரை டன் பிக்கப்புக்கு எந்த டிரெய்லர் பொருந்தும்?

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 2021 ஃபோர்டு எஃப்-150. நான்கு கதவு, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம். டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் தெருவில் பிக்கப் டிரக் இல்லாத வீடு குறைவு. அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி, வார இறுதி மளிகை என்று எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அந்த வண்டிதான். மகளுக்கு வயது பன்னிரண்டு, மகனுக்கு ஒன்பது. இரண்டு கோடைகாலம் கூடாரத்தில் படுத்து முதுகு பிடித்துக்கொண்ட பிறகு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள டிராவல் டிரெய்லர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். எதை வாங்குவது என்று தீர்மானிக்கத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. இருக்கும் டிரக்கிலேயே, பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் உள்ள முப்பது அடி டிரெய்லரைக் கட்டி இழுப்பது. அந்த டிரெய்லருக்காக டிரக்கை விற்றுவிட்டு, அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டிரக் வாங்குவது. டிரக்கை வைத்துக்கொண்டு டிரெய்லரைச் சிறியதாக்கிக்கொள்வது. எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுப்பது. ஈராண்டுக்கு ஒருமுறை ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் வந்து தங்குவார்கள். அவர்களையும் அழைத்துப் போக வேண்டும் என்பது எங்கள் ஆசை. கணக்கைப் புரட்டிப் போட்டது அந்த ஆசைதான்.

விற்பனைக் கூடத்தில் எங்களைச் சுற்றிக் காட்டியவர் அன்பான மனிதர். "உங்கள் டிரக் பதினோராயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும். இந்த டிரெய்லர் வெறும் 6,200 பவுண்டு. கவலையே வேண்டாம்" என்றார். இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்த முடிவு தவறு. அரை டன் டிரக் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

அரை டன் என்பது பழைய பெயர். அமெரிக்க டன் 2,000 பவுண்டு. ஒரு காலத்தில் இந்த வகை டிரக்குகள் ஆயிரம் பவுண்டு, அதாவது 450 கிலோ சுமக்கும் என்பதால் வந்த பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500, டொயோட்டா டன்ட்ரா எல்லாம் இந்த இனம். இன்றைக்கு இவை சுமப்பது அதைவிட அதிகம். இழுப்பதோ பல மடங்கு அதிகம். விளம்பரங்களில் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் என்று பெரிய எழுத்தில் போடுவது இழுக்கும் திறனைத்தான். அது பொய்யும் அல்ல. வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற பொதுவான சோதனை முறை இருக்கிறது. டொயோட்டா 2011 மாடல் டன்ட்ராவில் முதலில் ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் சில ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள். அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து மலையேறும் 68ஆம் எண் நெடுஞ்சாலையில், கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுவதும் போட்டுக்கொண்டு, 11.4 மைல் ஏற்றத்தில் வண்டி மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனைக் கணக்கில் டிரக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். அங்கே குழந்தைகள் கிடையாது, ஐஸ் பெட்டி கிடையாது, சைக்கிள் கிடையாது, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவும் கிடையாது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நடுத் தூணில் மஞ்சள் நிறப் பட்டையோடு ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் வண்டியில் அந்த எண் 1,540. மூன்று ஆண்டாகத் தினமும் திறந்து மூடிய கதவு. ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அந்தக் குறிப்பிட்ட வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த எடையை வைத்து அச்சிட்ட எண் அது. அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு நானூறு ஐந்நூறு பவுண்டு வித்தியாசம் இருக்கும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று விலை ஏற ஏற, சுமக்கும் திறன் இறங்கிக்கொண்டே போகும். இன்னும் டிரக் வாங்காதவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான். அலங்காரம் குறைந்த வகையைப் பாருங்கள். அதிகச் சுமைக்கான சஸ்பென்ஷன் தொகுப்பு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இழுப்பதற்கும் சுமப்பதற்கும் என்ன தொடர்பு? டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. பத்திலிருந்து பதினைந்து சதவீதம் டிரக்கின் பின்னால் உள்ள கொக்கியில் விழ வேண்டும். இங்கே அதை டங் வெயிட் என்கிறார்கள். இதை என் அப்பாவிடம் தொலைபேசியில் விளக்க முயன்றபோது, பாதியிலேயே நிறுத்தி, "முன்பாரம் என்று சொல், புரிகிறது" என்றார். பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஈரோட்டுச் சந்தைக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் என் தாத்தாவோடு சிறுவயதில் போனவர் அவர். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும், வண்டியும் தாறுமாறாக ஆடும். ஆகவே அளவாக முன்பாரம் இருக்கும்படி பார்த்து அடுக்குவார்களாம். டிரெய்லரிலும் அச்சு அசல் அதே விஷயம்தான். முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். அந்த நெளிவு முற்றினால் டிரக்கையும் சேர்த்து உருட்டிவிடும். எனவே அதைக் குறைத்துத் தப்பிக்க வழியில்லை. அந்தப் பாரம் முழுவதும் 1,540 பவுண்டிலிருந்துதான் கழியும்.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. நான் 180, மனைவி 140, மகள் 90, மகன் 65: ஆக 475. டிரெய்லரைக் கொக்கியில் பூட்டி, சுமையை அச்சுகளுக்குப் பகிர்ந்து தரும் ஹிட்ச் 90 பவுண்டு. டிரக்கின் பின்தொட்டிக்கு நாங்கள் போட்டிருந்த மூடி 80. ஐஸ் பெட்டி, கருவிகள், நாற்காலிகள் 120. எல்லாம் கூட்டினால் 765. மீதி 775 பவுண்டுதான் டிரெய்லரின் முன்பாரத்துக்கு இடம். பதின்மூன்று சதவீதம் என்று வைத்தால், சாமான் ஏற்றிய டிரெய்லர் ஏறக்குறைய 6,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. அப்பா 160, அம்மா 135 என்று சேர்த்தால் மீதி 480. அப்போது டிரெய்லர் 3,700 பவுண்டுக்குள் அடங்க வேண்டும். ஆறு பேர் படுக்கும் டிரெய்லர் எதுவும் அந்த எடைக்குள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விற்பனையாளர் சொன்ன பதினோராயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். பதினோராயிரம் பவுண்டு டிரெய்லரின் முன்பாரம் 1,430. எங்கள் ஸ்டிக்கரில் மீதி 110 பவுண்டு, ஐம்பது கிலோ. ஓட்டுகிறவனே அதற்குள் அடங்க மாட்டான்.

6,200 பவுண்டு என்றாரே, அந்த எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அது தொழிற்சாலை எடை. தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, படுக்கை விரிப்பு இல்லை. பல நேரம் பேட்டரிகூட அதில் சேராது. தண்ணீர் காலனுக்கு 8.34 பவுண்டு, நாற்பது காலன் தொட்டியை நிரப்பினால் 334 பவுண்டு. நிரம்பிய கேஸ் உருளை ஒன்று 37 பவுண்டு அளவில் வரும். நம் வீட்டுச் சமையலறை வேறு. குக்கர், இரும்பு தோசைக்கல், இருபது பவுண்டு பொன்னியரிசி, நான்கு நாளைக்கு மாவு அரைக்க மேசை கிரைண்டர் என்று என் மனைவி எடுத்து வைத்ததை மட்டும் குளியலறைத் தராசில் நிறுத்தினேன்: 118 பவுண்டு. எல்லாம் சேர்ந்து எண்ணூறு முதல் ஆயிரத்து இருநூறு பவுண்டு ஏறிவிடுகிறது. தொழிற்சாலை எடையை மறந்துவிடுங்கள். டிரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் உச்ச எடையை, அதாவது சாமானோடு சேர்த்து அது தாண்டக் கூடாத எடையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

முப்பது அடியும் அரை டன்னும்

கணக்கு மட்டும் போட்டிருந்தால் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது. வாங்குவதற்கு முன் அதே அளவிலான அடுக்குக் கட்டில் டிரெய்லர் ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து, எங்கள் டிரக்கிலேயே கட்டி, அமரில்லோவுக்கு அருகே உள்ள பாலோ டுரோ பள்ளத்தாக்குக்குப் போனோம். நாங்கள் நால்வர் மட்டும். டாலஸிலிருந்து அமரில்லோ வரை 360 மைல், பெரும்பகுதி 287ஆம் எண் நெடுஞ்சாலை.

எஞ்சின் சிரமப்படவே இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நானூறு குதிரைத்திறன், பத்து கியர், இழுக்கும்போது மாற்றிக்கொள்ளும் டோ-ஹால் முறை. ஏற்றமே தெரியாமல் இழுத்தது. அதனால்தான் ஆபத்து மறைந்து நிற்கிறது. வண்டி இழுக்கிற சுகத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. அரை டன் டிரக்கில் முதலில் தோற்பது எஞ்சின் அல்ல. ஸ்பிரிங்கும் பின் அச்சும் டயரும்தான். சொகுசுக்காக மென்மையாகச் செய்யப்பட்ட கார் வகை டயர்கள் பாரத்தில் பக்கவாட்டில் பிதுங்கி நெளிவதை ஸ்டீயரிங்கில் உணர முடியும்.

வழியில் சில்ட்ரஸ் என்ற ஊரைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. டெக்சஸின் வடமேற்கு மூலையில் அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. நான் 62 மைல் வேகத்தில் போகிறேன். பின்னாலிருந்து பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று 75இல் வருகிறது. அதன் மூக்கு நம் டிரெய்லரின் பின்பக்கத்தை எட்டும்போதே காற்று டிரெய்லரை வலப்பக்கம் தள்ளுகிறது. டிரக்கின் முகம் இடப்பக்கம் திரும்புகிறது. ஸ்டீயரிங்கை மெல்லத் திருத்துவதற்குள் லாரியின் உடல் கடக்கிறது. இப்போது டிரெய்லரை அது தன் பக்கம் உறிஞ்சுகிறது. மறுபடி திருத்தம். லாரி கடந்து போன பிறகும் டிரெய்லர் இரண்டு முறை வாலை வீசி அடங்கியது. மொத்தம் ஏழெட்டு நொடி. என் மனைவி வெளியே பார்த்தபடி, "மெதுவாகவே போங்கள், நாம் இருட்டிய பிறகு சேர்ந்தால் போதும்" என்றாள். அதன்பின் ஒவ்வொரு லாரிக்கும் அதேதான். நான்கு மணி நேரத்தில் என் தோள்கள் கல்லாகிவிட்டன.

அமரில்லோவில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் கேட் ஸ்கேல் எனும் எடைமேடை இருக்கிறது. நாடு முழுவதும் இப்படிப்பட்ட நிலையங்களில் இருக்கும். மூன்று தட்டுகளாகப் பிரிந்த மேடை. முன் அச்சு ஒரு தட்டில், பின் அச்சு ஒரு தட்டில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்க வேண்டும். பதினைந்து டாலரை ஒட்டித்தான் கட்டணம். சீட்டில் வந்த எண்கள்: முன் அச்சு 3,140, பின் அச்சு 4,140, டிரெய்லர் அச்சுகள் 6,420. டிரக்கின் எடை, அதாவது அதன் இரண்டு அச்சுகளும் சேர்ந்து, 7,280. அதற்கு அனுமதி 7,050. பின் அச்சுக்கு அனுமதி 4,050. இரண்டிலும் தாண்டிவிட்டோம். அப்பா அம்மா இல்லாமல், தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போதே இப்படி.

230 பவுண்டுதானே என்று பலர் சொல்வார்கள். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் எனும் காற்றுப் பையைப் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஏர் பேக் டிரக்கை மட்டமாக நிற்க வைக்கும். அச்சையோ பிரேக்கையோ பலப்படுத்தாது, ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் மாற்றாது. சுமையைப் பகிரும் ஹிட்ச் உண்மையிலேயே உதவுகிறது. பின் அச்சில் குவியும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளுகிறது. அது இல்லாமல் இந்த எடையைக் கட்டவே கூடாது. பல அரை டன் டிரக்குகளின் கொக்கியில், அந்த ஹிட்ச் இல்லாமல் 5,000 பவுண்டு டிரெய்லரும் 500 பவுண்டு முன்பாரமும்தான் உச்சம் என்று எழுதியே இருக்கும். ஆனால் மேலே சொன்ன சீட்டு அந்த ஹிட்ச்சைப் போட்டுச் சரியாக முறுக்கிய பிறகு வந்தது.

மறுநாள் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். பூங்கா வாசலிலேயே பத்து சதவீதச் சரிவு என்று எச்சரிக்கை உண்டு. கியரைக் குறைத்து எஞ்சினாலேயே பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை அவ்வப்போது தொட்டு இறங்கினேன். கீழே போய் நின்றபோது முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. மகன் அது என்ன வாசனை என்று கேட்டான். சிவந்த பாறைகளுக்கு நடுவே கழிந்த அந்த மூன்று நாளும் நன்றாகவே இருந்தன. இரவில் மட்டும் எனக்குத் திரும்ப ஏறி வருவதைப் பற்றிய நினைப்பு. இந்த வழி எங்களுக்கு அதோடு முடிந்துபோனது.

முக்கால் டன் என்றால் பெட்ரோலா டீசலா

எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 ஆகியவை அடுத்த இனம். தடித்த அடிச்சட்டம், பெரிய அச்சு, பெரிய பிரேக், லாரி வகை டயர். ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 2020 மாடலில் வந்தது. அதைப் பொருத்திய எஃப்-250 பலவற்றில் ஸ்டிக்கர் 3,000 பவுண்டை எட்டும். எங்கள் ஆறு பேரும், முப்பது அடி டிரெய்லரின் முன்பாரமும், கிரைண்டரும் சேர்ந்தாலும் அதில் இடம் மிஞ்சும். காற்றுக்கும் அது அசையாது. டிரக்கே கனமானது என்பதால் டிரெய்லரால் அதை எளிதில் இழுத்து ஆட்ட முடியாது.

டீசல்தான் இழுப்பதற்கு ராஜா என்று எல்லோரும் சொல்வார்கள். மலை இறக்கத்தில், புகை வெளியேறுவதை மறித்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தரும் நிம்மதிக்கு ஈடில்லை. உயரம் ஏற ஏறச் சாதாரண எஞ்சின்கள் மூச்சு வாங்கும் இடத்தில் டர்போ டீசல் தளராது. ஆனால் டீசல் எஞ்சினே மிகக் கனம். முக்கால் டன் டிரக்கின் உச்ச எடை பெரும்பாலும் 10,000 பவுண்டில் நிறுத்தப்படுவதால், எஞ்சினின் கனம் முழுவதும் சுமக்கும் திறனிலிருந்து கழிகிறது. அலங்காரம் மிகுந்த டீசல் 2500 ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கரில் 2,000 பவுண்டுக்குச் சற்று மேல்தான். நல்ல அரை டன் டிரக்கிலிருந்து பெரிய தூரமில்லை. டீசலுக்காக மட்டும் பத்தாயிரம் டாலரை ஒட்டி அதிகம் கொடுத்த பிறகும் இப்படி. டெக்சஸில் குடும்பத்தோடு சுற்றுகிறவர் முக்கால் டன் வாங்குவதானால், பெட்ரோல் எஞ்சினும் நடுத்தர அலங்காரமும்தான் என் தேர்வு.

நாங்கள் அதை வாங்காததற்குக் காரணம் ஆண்டின் மற்ற முந்நூற்று முப்பது நாட்கள். நான்கு கதவு எஃப்-250 கிட்டத்தட்ட 21 அடி நீளம். எங்கள் காரேஜில் கதவு மூடாது. வெறும் வண்டியாக ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். இத்தனை கனமான டிரக்குகளுக்கு அமெரிக்க அரசின் மைலேஜ் எண்களே அச்சிடப்படுவதில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எங்களைத் தடுத்தது இவை எதுவும் அல்ல. கண்காட்சியில் நின்ற வண்டியின் ஏறுபடியை நான் அளந்து பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எஃப்-150இல் ஏறவே கைப்பிடியைப் பிடித்து ஒரு நொடி நின்று மூச்சு வாங்குவார். அவருக்காகப் பெரிய வண்டி வாங்கி, அதில் அவர் ஏற முடியாமல் போனால் என்ன பயன்?

சிறியது, வாடகை, மற்றவை

வாடகை வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் போகிறவர்கள் டிரெய்லர் வாங்கவே தேவையில்லை. வாங்கினால் காப்பீடு, நிறுத்தும் இடத்துக்கு மாத வாடகை, குளிர்காலத்துக்கு முன் குழாய்களைக் காலி செய்வது, ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் டயர் மாற்றுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். இப்போது சொந்தக்காரர்களே டிரெய்லரைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நாம் காரில் போய் இறங்கினால் போதும். நாங்கள் ஆண்டுக்கு ஏழெட்டு வார இறுதிகள் போக நினைத்ததாலும், அடுத்தவர் அடுப்பில் சமைக்க என் மனைவிக்கு மனம் ஒப்பாததாலும் இது கைகூடவில்லை.

அரை டன்னுக்கென்றே செய்தது என்று விற்கப்படும் ஐந்தாம் சக்கர டிரெய்லர்களை, அதாவது பின் கொக்கியில் அல்லாமல் டிரக்கின் பின்தொட்டிக்குள் பூட்டுகிறவற்றை, விட்டுவிடுங்கள். அவற்றில் ஏறக்குறைய இருபது சதவீதம் பாரம் டிரக்கின் மேல் விழும். ஸ்டிக்கர் கணக்கு முதல் வரியிலேயே உடைந்துவிடும். மின்சார டிரக்குகள் இழுக்கும் விதம் அருமை. ஆனால் உயரமான டிரெய்லரைக் கட்டினால் ஓடும் தூரம் பாதிக்கும் கீழே போகிறது, பெரும்பாலான சார்ஜ் நிலையங்களில் டிரெய்லரைக் கழற்றாமல் நிறுத்தவும் இடமில்லை. 287ஆம் எண் சாலையில் அதை நான் எண்ணிப் பார்க்கவே மாட்டேன்.

கடைசியில் நாங்கள் வாங்கியது 22 அடி டிரெய்லர். தொழிற்சாலை எடை 4,400, உச்ச எடை 5,800. சாமான் ஏற்றிய பின் 5,300 அளவில் நிற்கிறது, முன்பாரம் 690. பின்தொட்டி மூடியைக் கழற்றி வைத்ததில் 80 பவுண்டு மிச்சம். ஆக டிரக்கில் ஏறுவது 1,375. ஸ்டிக்கரில் 165 பவுண்டு கையிருப்பு. டயர்களையும் லாரி வகைக்கு மாற்றினேன். அது சுமக்கும் அளவைக் கூட்டாது, ஆனால் ஸ்டீயரிங்கில் தெரிந்த நெளிவு போய்விட்டது. தண்ணீரைப் பூங்காவுக்குப் போய்த்தான் நிரப்புகிறோம். முதல் பயணத்தில் எடைமேடைச் சீட்டு: முன் அச்சு 2,990, பின் அச்சு 3,850, டிரெய்லர் 4,660. டிரக்கின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 6,840. அனுமதிக்கு 210 பவுண்டு கீழே.

மைலேஜில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். வெறும் டிரக்காக நெடுஞ்சாலையில் காலனுக்கு இருபது மைலைத் தாண்டும் வண்டி, முப்பது அடி டிரெய்லரோடு ஒன்பது கொடுத்தது, இதோடு பத்தரை. சமவெளியில் எரிபொருளைத் தின்பது எடையைவிடக் காற்றை முட்டும் முகப்பு. நீளம் குறைந்தாலும் உயரமும் அகலமும் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் தெரிந்தது லாரிகள் கடக்கும்போது. அதே சாலை, அதே சில்ட்ரஸ். லாரி வந்தது, ஒரு சிறு தள்ளல், போய்விட்டது. மகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள், விழிக்கவில்லை. பள்ளத்தாக்குச் சரிவில் பிரேக் வாடையும் இல்லை.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தனி அறை இல்லை. சாப்பாட்டு மேசையை இரவில் மடக்கிப் படுக்கையாக்குகிறோம். காலையில் முதலில் எழுபவர் மற்றவர்களை எழுப்பித்தான் காபி போட முடியும். மழை பெய்த ஒரு முழு நாள் உள்ளேயே அடைபட்டபோது முப்பது அடி நினைவுக்கு வந்தது உண்மை. அந்த இடநெருக்கடியை என்னால் தாங்க முடியும். சில்ட்ரஸில் என் தோள்கள் கல்லானதை ஆண்டுக்கு எட்டு முறை தாங்க முடியாது.

அப்பா அம்மா வந்தபோது மனைவி எங்கள் டொயோட்டா சியன்னா வேனில் அவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். அதன் கதவு நகர்ந்து திறக்கும், உள்தளம் தரையை ஒட்டித் தாழ்வாக இருக்கும். அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். இரவில் அவர்களுக்கு டிரெய்லரின் பெரிய கட்டில், மகளுக்கு மேசைப் படுக்கை, மகனுக்கு அதன் பக்கத்துப் பெஞ்சு, எங்கள் இருவருக்கும் வெளியே பழைய கூடாரம். புறப்படும் நாள் காலையில் முன்பாரம் நிறுக்கும் சிறிய தராசைக் கொக்கிக்கடியில் வைத்தேன். அப்பா குந்தி உட்கார்ந்து முள்ளைப் படித்தார். "690. மூட்டையை மாற்றி வைக்க வேண்டியதில்லை, கட்டிவிடு கண்ணு" என்றார்.

இந்தக் கணக்கு இப்படியே நிற்காது. மகளும் மகனும் வளர்கிறார்கள். மூன்று ஆண்டில் இருவரும் சேர்ந்து எண்பது பவுண்டு கூடினால் என் 165 பவுண்டுக் கையிருப்பில் பாதி போய்விடும். அதற்குப் பிறகு ஐஸ் பெட்டியும் கருவிகளும் டிரெய்லருக்குள் போகும். அதனால் முன்பாரம் எவ்வளவு மாறுகிறது என்று மறுபடி நிறுப்பேன். அதிலும் அடங்காத ஆண்டில், 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய எஃப்-250 ஒன்றைத் தேடுவேன். அம்மாவுக்குச் சியன்னா இருக்கவே இருக்கிறது.